வெள்ளத்துக்கு முன்னே கரை!

தோழனே!

காவிரிக் கரையிலே பிறந்தவனுக்குக் கரையின் அருமையை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் வருவதற்கு முன்பே கரையைக் கட்டுகிறவன் உழவன். தண்ணீர் வந்த பிறகு கூடையும் மண்வெட்டியும் தேடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். கோடை வெயிலிலே வாய்க்கால் தூர்வாருகிறோம். மதகுப் பலகையைச் சரிபார்க்கிறோம். கரையிலே எலி வளை இருந்தால் அடைக்கிறோம். அதற்குப் பிறகுதான் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஐ எதிர்நோக்கி நாள் எண்ணுகிறோம். காய்ந்து கிடக்கும் ஆற்றுக்குக் கரை எதற்கு என்று தஞ்சைத் தரணியிலே எவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவன் உழவனாக இருந்திருக்க மாட்டான்!

ஆனால் டில்லியிலே அமர்ந்து சட்டம் இயற்றுகிறார்களே, அவர்கள் கேட்கிறார்கள். வாயால் கேட்கவில்லை, வாளாவிருப்பதன் மூலம் கேட்கிறார்கள். எந்த ஆற்றைப் பற்றி என்கிறாயா? காவிரியைப் பற்றி அல்ல. உன் சட்டைப் பையிலிருந்தும் என் சட்டைப் பையிலிருந்தும் மாதந்தோறும் ஊற்றெடுத்து, ஊர் ஊராகச் சேர்ந்து, கோடி கோடியாய்ப் பெருகி ஓடுகிறதே காப்பீட்டுப் பணம், அந்தப் பண ஆற்றைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உன்னோடு பேச வந்தேன்.

மூன்று கேள்விகள் கேட்கிறேன். விடையும் நானே சொல்கிறேன்.

நீ பணம் போட்டு வைத்த வங்கி முறிந்தால் என்ன ஆகும்? சட்டம் இருக்கிறது. வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் தரும். 2020 பிப்ரவரியிலே 1 லட்சமாக இருந்தது 5 லட்சமாயிற்று.

நீ ஆயுள் காப்பீட்டுக் கழகத்திலே, நம் தாய்மார்கள் எல்.ஐ.சி. என்று சொல்கிறார்களே அந்தக் கழகத்திலே, பாலிசி எடுத்திருந்தால்? சட்டம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பாலிசித் தொகைக்கும் அதன் மீது அறிவிக்கப்பட்ட போனசுக்கும் மத்திய அரசே பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கிறது.

நீ ஒரு தனியார் நிறுவனத்திலே பாலிசி எடுத்து, இருபது ஆண்டுகள் கட்டி, பலன் வாங்கப் போகும் நேரத்திலே அந்த நிறுவனம் கதவைச் சாத்தினால்?

இங்கேதான், தோழா, சட்டப் புத்தகத்தின் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது! மேற்பார்வைக்கு ஆணையம் உண்டு. நிறுவனத்தின் கையிருப்பு, தேவையான அளவைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நிலைமை கெட்டால் நிர்வாகியை அமர்த்தும் அதிகாரம் உண்டு. பாலிசிகளை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றும் வழியும் உண்டு. ஆனால், 'முறிந்தாலும் உனக்கு இன்ன தொகை நிச்சயம். இதோ அதற்கென ஒதுக்கிய நிதி' என்று சொல்லும் ஒரு சட்டம், ஒரே ஒரு சட்டம், இல்லை.

காப்பீடு என்பது மற்றப் பண்டங்களைப் போன்றது அல்ல. நெல் வாங்குகிறவன் நாலு மணியைக் கையிலே எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறான். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். காப்பீட்டிலே விற்கப்படுவது ஒரு வாக்குறுதி. அதைத் தேய்த்துப் பார்க்க முடியாது. பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது. பணத்தை இன்று கொடுக்கிறாய். பண்டம் கைக்கு வருவது நீ கண்ணை மூடிய பிறகு. பண்டம் சரியில்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட நீ இருக்க மாட்டாய். நீ விட்டுச் சென்ற கைம்பெண்தான், கையிலே ஒரு காகிதத்தோடு, நிறுவனத்தின் வாயிலிலே நிற்பாள்.

நாடகம் எழுதிப் பழகிய கை. ஆகவே அந்தக் காட்சியை உன் கண் முன்னே நிறுத்துகிறேன், கற்பனையாகத்தான்.

இடம்: மூடிய அலுவலகத்தின் வாயில். பாத்திரங்கள்: ஒரு தாய், ஓர் அதிகாரி.

தாய்: ஐயா, என் கணவர் பதினெட்டு ஆண்டுகள் கட்டிய பணம்.

அதிகாரி: தெரிகிறது அம்மா. ரசீது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

தாய்: அப்படியானால் பணம்?

அதிகாரி: நிறுவனம் சரியாக இல்லையே, அம்மா!

தாய்: அரசாங்கம் அனுமதி கொடுத்த நிறுவனம் என்று சொல்லித்தானே ஐயா வாங்கினார்கள்?

அதிகாரி: அனுமதி கொடுத்தது அரசாங்கம். உறுதி கொடுத்தது நிறுவனம். இரண்டும் வேறு வேறு.

திரை! கைதட்டல் கேட்கவில்லை, தோழா. விம்மல்தான் கேட்கிறது. அனுமதிக்கும் உறுதிக்கும் இடையிலே இருக்கும் அந்தப் பள்ளத்திலேதான் பாமரன் விழுகிறான். அந்தப் பள்ளத்தை மூட ஒரு சட்டம் வேண்டும் என்பதுதான் நம் வழக்கு.

'இதெல்லாம் நடக்குமா? மிகைப்படுத்துகிறாய்' என்பார்கள் சிலர். நடந்திருக்கிறது. நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. வரலாற்று ஏட்டைப் புரட்டு.

1906 அக்டோபர் 22. சென்னையிலே அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. நூறாண்டுப் பெருமை பேசிய வெள்ளைக்காரர் நிறுவனம்! வெள்ளைக்காரன் கம்பெனி, வாக்குத் தவறமாட்டான் என்று நம்பிப் பணத்தை ஒப்படைத்தவர்கள் ஒரே காலைப்பொழுதில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. 'சர்' பட்டம் பெற்றவர் சிறைக்குப் போனார், நீதிதானே என்கிறாயா? நீதிதான்! ஆனால் அவர் சிறைக்குள்ளே இருந்த நாட்களை எண்ணி எவனுடைய வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. குற்றவாளிக்குத் தண்டனை என்பது ஒன்று. ஏமாந்தவனுக்கு இழந்த பணம் என்பது வேறொன்று. முன்னது கிடைத்ததைக் காட்டிப் பின்னதை மறக்கச் செய்வது ஆளவந்தாரின் பழைய வித்தை.

அந்த முறிவிலே பணம் இழந்தவர்களுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம் தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர்க்காரர். அவர் முன்னின்று 1907இல் தோற்றுவித்ததுதான் இந்தியன் வங்கி. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1901இல் தோன்றிய தஞ்சாவூர் வங்கி தள்ளாடித் தடுமாறியபோது, 1990இல் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டு காத்ததும் அதே இந்தியன் வங்கிதான். அர்பத்நாட்டில் பணம் போட்டவன் கண்ணீர் விட்டான். தஞ்சாவூர் வங்கியில் பணம் போட்டவன் கணக்குப் புத்தகத்தை மட்டும் மாற்றிக்கொண்டான். இடையிலே என்ன மாறிற்று? மனிதனின் பேராசை மாறவில்லை; வணிகத்தின் ஆபத்து மாறவில்லை. சட்டம் மாறிற்று! வங்கிக்குக் கரை கட்டப்பட்டது.

அந்தக் கரையும் எளிதிலே கட்டப்படவில்லை. 1960இல் கேரளத்திலே பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகுதான் 1961இல் வைப்புக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1962 ஜனவரி முதல் நாள் கழகம் பணி தொடங்கியபோது, அது தந்த உறுதி 1,500 ரூபாய். மும்பையிலே பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019இல் முடங்கி, வயோதிகர்கள் வாயிலிலே கதறிய பிறகுதான் 1 லட்சம் 5 லட்சமாயிற்று. 2021இல் இன்னொரு திருத்தம் வந்தது; வங்கி முடக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் அந்தத் தொகை கைக்கு வர வேண்டும் என்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு முறிவு. ஒவ்வொரு முறிவுக்கும் ஆயிரம் குடும்பங்களின் கண்ணீர்! இப்போது சொல், தோழா: காப்பீட்டுக்குச் சட்டம் வரவும் அப்படி ஒரு கண்ணீர்க் காவிரி ஓடியாக வேண்டுமா?

காப்பீட்டின் கதையையும் கேள். 1956 ஜனவரி 19. ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு ஏற்கும் அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்களும் வைப்புச் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, செப்டம்பர் முதல் நாள் எல்.ஐ.சி. உதித்தது. ஏன் அப்படிச் செய்தார்கள்? அன்றைய நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் காரணம் சொன்னார்: முந்தைய பத்தாண்டுகளில் 25 ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் கலைக்கப்பட்டன, மேலும் 25 நிறுவனங்கள் பணத்தைக் கரைத்துவிட்டு, பாலிசிதாரர் நட்டப்படும் வகையில் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டன. பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தைக் கையாடிய வழக்கிலே டால்மியா என்னும் கோடீசுவரர் சிறை ஏகினார். ஆக, எல்.ஐ.சி. பிறந்தது வெறும் சோஷலிச ஆசையால் மட்டுமல்ல. பாலிசிதாரன் பட்ட அடியினாலும்!

அரசு ஏற்றுக்கொண்டதும் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியதா? இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும். பிறந்த மறு ஆண்டிலேயே, 1957இல், எல்.ஐ.சி.யின் பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளில் கொட்டப்பட்டது. நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்டவர் பெரோஸ் காந்தி; பிரதமர் நேருவின் சொந்த மருமகன்! நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அந்த ஊழலால் எந்த ஏழையின் பாலிசியாவது செல்லாமல் போயிற்றா? போகவில்லை. ஏன்? 37ஆம் பிரிவு என்னும் கரை நின்றது. ஆற்றிலே சுழல் இருக்கலாம், முதலை இருக்கலாம். கரை உறுதியாக இருந்தால் ஊர் மூழ்காது. முந்த்ரா ஊழல் நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு: காவலனையும் காவல் காக்க வேண்டும் என்பது ஒன்று, காவலன் தவறினாலும் ஏழையின் பணம் தவறக்கூடாது என்பது மற்றொன்று.

இப்போது காலம் மாறிவிட்டது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியாருக்குக் கதவு திறந்தார்கள். அயல்நாட்டு முதலுக்கு 26 விழுக்காடு என்றார்கள். 2015இல் 49. 2021இல் 74. 2025 டிசம்பரிலே நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் 100! அந்தச் சட்டத்தின் பெயரைப் பார்த்தாயா? 'சப்கா பீமா சப்கி ரக்ஷா'! எல்லோருக்கும் காப்பீடு, எல்லோருக்கும் பாதுகாப்பு என்று பொருளாம். பொருளை விளக்கவே ஒரு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படும் பெயரைத் தமிழன் தலையிலே சூட்டுகிறார்கள். பெயரிலே இந்தி, பெயருக்குள்ளே பாதுகாப்பு. ஆனால் சட்டத்துக்குள்ளே?

பாலிசிதாரர் கல்வி, பாதுகாப்பு நிதி என்று ஒன்றை அதிலே அமைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். நாம் கேட்பது இதுதான்: நிறுவனம் முறியும் நாளன்று அந்த நிதியிலிருந்து எனக்கு எவ்வளவு? எத்தனை நாளில்? யார் தருவது? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத பாதுகாப்பு, மழை வரும் என்று பலகை நட்டுவிட்டுக் கூரை போடாமல் விட்ட சத்திரம் போன்றது. கற்பிக்கிறார்களாம்! நனைகிறவனுக்கு மழையைப் பற்றிப் பாடம் எதற்கு?

2017இல் டில்லி ஒரு மசோதாவைக் கொண்டுவந்ததே, நினைவிருக்கிறதா? நிதி நிறுவனங்களின் முறிவைத் தீர்க்கும் மசோதா. வங்கி, காப்பீட்டு நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே கழகத்தின் கீழ் வைத்து, முறியும் நேரத்தில் கையாள்வதற்கான மசோதா. நோக்கத்திலே தவறில்லை. ஆனால் அதன் 52ஆம் பிரிவுக்குள்ளே ஒரு நச்சு நாக்கு ஒளிந்திருந்தது. மூழ்கும் நிறுவனத்தைக் கரையேற்ற, அதனிடம் பணம் பெற வேண்டியவர்களின் பாக்கியையே வெட்டலாம், வேறாக மாற்றலாம் என்றது அந்தப் பிரிவு. காப்பு வரம்புக்கு மேற்பட்ட வைப்புத் தொகைக்கும் அந்த ஆபத்து வரும் என்று மக்கள் அஞ்சினார்கள். வீடு தீப்பிடித்தால் குடியிருப்பவனின் கையையே விறகாக்கி அணைப்பதா என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2018 ஆகஸ்டிலே மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள்.

திரும்பப் பெற்றது சரி. ஆனால் அதற்குப் பிறகு? கெட்ட கரையை வேண்டாம் என்றோம். கரையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லையே! கசப்பான மருந்தைத் துப்பினோம் என்பதற்காக நோயாளியையே மருத்துவமனையிலிருந்து வெளியேற்றுவதா?

அதே 2018 ஆகஸ்டிலே, 22ஆம் நாள் இரவு, முக்கொம்பிலே என்ன நடந்தது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆர்தர் காட்டன் காலத்திலே எழுந்த மேலணை. தலைமுறை தலைமுறையாய் நின்ற அணை. கொள்ளிடத்துப் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் ஓர் இரவிலே வெள்ளத்தோடு போயின. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் சுமந்து கொட்டித்தான் அடைத்தார்கள். 'நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது, இனியும் நிற்கும்' என்று நம்பியிருந்தோம். நின்றது என்பது நிற்கும் என்பதற்குச் சான்று அல்ல. 'இந்நாட்டிலே தனியார் காப்பீட்டு நிறுவனம் எதுவும் பெரிதாய் முறியவில்லையே' என்று வாதம் பேசுகிறவர்களுக்கு முக்கொம்பைக் காட்டு.

முறியவே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. சகாரா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு 2017இல் ஆணையம் நிர்வாகியை அமர்த்தியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனிலே, அதன் ஏறத்தாழ 2 லட்சம் பாலிசிகளை எஸ்.பி.ஐ. லைஃப் நிறுவனம் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே மாதத்திலேயே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆணையமும் நிறுவனமும் வழக்காடட்டும். அவரவர் நியாயத்தை அவரவர் பேசட்டும். நடுவிலே நின்ற 2 லட்சம் பாலிசிகளுக்குரியவர் யார் முகத்தைப் பார்ப்பார்? தனியே ஒரு காப்பு நிதி இருந்திருந்தால், வழக்கு ஒரு பக்கம் நடக்க, அவர்களுக்குரிய உறுதி மறுபக்கம் அசையாமல் நின்றிருக்கும்.

உலகம் இதை அறியாததா? பிரிட்டனிலே 1971இல் வெஹிகிள் அண்டு ஜெனரல் என்னும் காப்பீட்டு நிறுவனம் சாய்ந்தது. லட்சக்கணக்கான வண்டிக்காரர்கள் காப்பீடு இன்றித் தெருவிலே நின்றார்கள். 1975இல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம் அங்கே பிறந்தது. ஜப்பானிலே 1997இல் நிசான் மியூச்சுவல் ஆயுள் நிறுவனம் சாய்ந்தது. மறு ஆண்டே பாதுகாப்புக் கழகம் எழுந்தது. அமெரிக்காவிலே மாநிலத்துக்கு மாநிலம் உத்தரவாத சங்கம் இருக்கிறது. அந்த அமெரிக்காவிலேதான் 2008 செப்டம்பரில் ஏ.ஐ.ஜி. என்னும் மாமலை ஆட்டம் கண்டது. அதைத் தாங்க அந்நாட்டு மத்திய வங்கி முதல் தவணையாகவே 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது. மலை சாயாது என்று இனி எவன் சொல்வான்?

அவ்வளவு தொலைவு போவானேன்? நாகப்பட்டினத்திலே கப்பலேறி நம் பாட்டன்மார் பிழைக்கப் போன நாடுகளைப் பார். மலேசியாவிலே 2010 முடிவிலிருந்து காப்பீட்டுப் பலன்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு. சிங்கப்பூரிலே 2011இல் அதற்கெனவே சட்டம் இயற்றினார்கள். ரப்பர்த் தோட்டத்திலே பால் வெட்டப் போன தமிழனின் பேரன் அங்கே காப்போடு தூங்குகிறான். காவிரிக் கரையிலே தங்கிவிட்ட தமிழனின் பேரன் இங்கே கடவுளை நம்பித் தூங்க வேண்டுமா?

சரி, நாம் என்ன செய்தோம் என்று கேட்பார்கள். தலை நிமிர்ந்து சொல், தோழா! தொண்ணூறுகளிலே கூடுதல் வட்டி என்று தூண்டில் போட்ட நிதி நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு முளைத்து, ஓய்வூதியத்தையும் தாலிப் பொன்னையும் விழுங்கிவிட்டு ஓடியபோது, டில்லி என்ன செய்யும் என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை தமிழகம். கலைஞர் தலைமையிலான அரசு 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓடிய நிறுவனத்தின் சொத்தை முடக்கு. அதை நடத்தியவர்களின் சொத்தையும் முடக்கு. தனி நீதிமன்றத்திலே வழக்கை நடத்து. விற்று வரும் பணத்தை ஏமாந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடு! இதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். திருக்குவளையிலே பிறந்து, 1962இல் தஞ்சைத் தொகுதியின் குரலாகச் சட்டமன்றத்திலே ஒலித்தவருக்கு அறுவடைப் பணம் களவு போனால் எப்படி வலிக்கும் என்பது தெரியாதா?

'மாநிலத்துக்கு ஏது அதிகாரம்?' என்று வழக்குப் போட்டார்கள். மராட்டிய மாநிலத்தின் இதே போன்ற சட்டத்தை மும்பை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. நம் சட்டம் செல்லும் என்றது சென்னை உயர்நீதிமன்றம். 2011இல் உச்சநீதிமன்றம் சென்னையின் பக்கமே நின்றது. பறிக்கப்பட்ட அதிகாரங்கள் போக எஞ்சிய சிறு அதிகாரத்தை வைத்துக்கொண்டே ஒரு மாநிலம் இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், முழு அதிகாரத்தையும் கையிலே வைத்திருக்கும் டில்லி எவ்வளவு செய்திருக்க வேண்டும்? காப்பீடு என்பது அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 47ஆம் இடத்திலே இருக்கிறது. அதிலே நாம் விரல் வைக்க முடியாது. தாமும் கட்டார், கட்டுகிறவனையும் விடார் என்றால், அந்தக் கரை எப்போதுதான் எழும்?

இது பட்டணத்துச் சீமான்களின் கவலை என்று எண்ணி நம் உழவன் ஒதுங்கிவிடக் கூடாது. சம்பா நட்டவன் பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறான். பிரதமர் பெயரிலான திட்டத்தின்படி ரபி பருவத்து உணவுப் பயிருக்குக் காப்புத் தொகையிலே ஒன்றரை விழுக்காடு உழவன் பங்கு. மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. உழவனின் பணமும் உன் வரியும் என் வரியும் சேர்ந்து போய்ச் சேருவது காப்பீட்டு நிறுவனங்களிடம்; அவற்றிலே தனியார் நிறுவனங்களும் உண்டு. வறட்சியோ வெள்ளமோ வந்த ஆண்டிலே, வருவாய்க் கிராமம் கிராமமாக அறுத்துப் பார்த்து, கணக்கெழுதி, இழப்பீடு வரும் வரையில் உழவன் காத்திருக்கிறான். காத்திருக்கும் அந்த மாதங்களில் நிறுவனமே நிலைகுலைந்தால்? கதிரும் போய், காப்பும் போய், குத்தகை நெல்லும் கடன்பட்டு அளக்க வேண்டிய நிலை! ஒரே ஆண்டிலே ஒரே மனிதனை இயற்கை ஒரு முறையும் சட்டம் ஒரு முறையும் கைவிடுவதா?

எதிர்வாதம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் மதித்து விடையளிப்போம்.

'உறுதி கொடுத்தால் நிறுவனங்கள் பொறுப்பின்றி ஆடும்; மக்களும் எந்த நிறுவனம் நல்லது என்று பார்க்காமல் பணத்தைப் போடுவார்கள்' என்கிறார்கள். இதிலே ஓரளவு உண்மை இருக்கிறது. ஆகவேதான் உறுதிக்கு ஒரு வரம்பு வேண்டும் என்கிறோம். ஆட்டம் போடுகிற நிறுவனம் நிதிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்கிறோம். ஆனால் நாற்று முடியைச் சுமக்கும் நம் தாயைப் பார்த்து, நிறுவனத்தின் ஐந்தொகைக் கணக்கைப் படித்துவிட்டுப் பாலிசி எடுத்திருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கணக்காயர்களே தடுமாறும் இடத்திலே கைநாட்டுக்காரியைக் குற்றவாளியாக்குவதா?

'செலவு யார் தலையில்?' என்பது அடுத்த கேள்வி. வங்கிகளைப் பார். வைப்பிலே 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 காசு என்று 2020இல் கட்டணம் வகுத்தார்கள். அதைக் கட்டியதால் எந்த வங்கி மூழ்கிற்று? விளம்பரப் பலகையிலே நடிகரின் சிரிப்புக்குக் கொட்டும் பணத்திலே ஒரு துளி போதும், பாலிசிதாரனின் கண்ணீரைத் துடைக்க!

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. நிறுவனங்கள் முன்கூட்டியே செலுத்தும் பணத்தால், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம், பாலிசிதாரர் காப்பு நிதி ஒன்று வேண்டும். ஆயுள் பாலிசிக்கும் ஓய்வூதியத்துக்கும் பயிருக்கும் எவ்வளவு உறுதி என்பதைச் சட்டத்திலேயே எண்ணால் எழுத வேண்டும். வங்கிக்கு 90 நாள் என்று வகுத்ததைப் போல இதற்கும் நாள் வகுக்க வேண்டும். 2022 மே மாதத்திலே எல்.ஐ.சி.யின் பங்கில் மூன்றரை விழுக்காட்டைச் சந்தையிலே விற்றார்கள். பங்கை விற்றாலும் 37ஆம் பிரிவை விற்க விடமாட்டோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். தமிழனுக்கு விற்கும் பாலிசியின் நிபந்தனைகள் தமிழிலே இருக்க வேண்டும். படிக்க முடியாத ஒப்பந்தத்திலே போடும் கையெழுத்து, கண்ணைக் கட்டிவிட்டு வாங்கும் கைநாட்டுக்குச் சமம்.

திருவாரூர்த் தெருவிலே, கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததாம். அரசன் இறங்கி வந்தானாம். கதையோ வரலாறோ, அதன் கருத்து பெரிது: முறையிட ஒரு மணி இருந்தது, அதன் கயிறு பசுவுக்கும் எட்டும் உயரத்திலே தொங்கிற்று! புகாரிலே பிறந்த கண்ணகி, கணவனை இழந்து, கையிலே சிலம்போடு மதுரை மன்னனிடம் கணக்குக் கேட்டாள். இன்றைய கண்ணகி கையிலே பாலிசிக் காகிதத்தோடு எந்த அவைக்குப் போவாள்? மணி எங்கே? கயிறு எங்கே?

கேள், தோழா; கேட்கக் கேட்கத்தான் கதவு திறக்கும். உன் ஊர்ப் படிப்பகத்திலே இதைப் பேசு. தேநீர்க் கடையிலே பேசு. கிளைக் கழகக் கூட்டத்திலே தீர்மானம் கொண்டு வா. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையிலே எழுந்து கேட்க, அந்தத் தீர்மானங்கள் அவர்கள் கையிலே கட்டுக் கட்டாய் இருக்கட்டும். அண்டை வீட்டுத் தாயின் பாலிசியை வாங்கிப் படித்துச் சொல். எந்த நிறுவனம், என்ன நிபந்தனை, யார் பொறுப்பு என்பதை அவள் மொழியிலே விளக்கு. அதுவும் கட்சிப் பணிதான். சுவரெழுத்தைவிட நெடுநாள் நிற்கும் பணி.

வானம் தெளிவாக இருக்கிறதே என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். கரை கட்டுவதற்கு ஏற்ற காலம் அதுதான். மண்வெட்டியை எடு!